குழைத்த பிறகு விழும் மா: மொரிஸ் மைனரின் காபரேட்டரும் மெனிபோல்டும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியில் மொரிஸ் மைனர் இன்னமும் வேலைக்கார வண்டிதான். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1971 வரை தயாரான கார் அது. புதிய கார் வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2020 மார்ச்சில் இறக்குமதித் தடை வந்தது; 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் மதிப்பு ஏறியது. வைத்திருந்தவர்கள் விற்காமல் திருத்தி ஓட்டினார்கள்.

அப்படித் திருத்த வருகிறவர்கள் கராஜில் சொல்லும் முறைப்பாடுகள் பெரும்பாலும் மூன்று. "பாஸ், பெற்றோல் குடிக்குது." "நிப்பாட்டுற இடத்துல எஞ்சின் நின்னு போகுது." "ஏத்தத்துல இழுக்குதில்ல." மூன்றையும் கேட்டதும் எல்லோருடைய கையும் காபரேட்டரைத்தான் தேடிப் போகும். அடியிலுள்ள நட்டைக் கொஞ்சம் திருகுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் பழைய கதை.

காரணம் எளிது. காபரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றை மட்டுமே அளக்கும். அதைத் தாண்டிய பிறகு எங்காவது ஓர் இடுக்கில் நுழையும் காற்று அதன் கணக்கிலேயே வராது. ஆகவே காபரேட்டரையும், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள மெனிபோல்டையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும். எப்படி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

முதலில் கணக்கு

பெற்றோல் தனியாக எரியாது. காற்றோடு சேர்ந்தால்தான் எரியும். எவ்வளவு காற்று? நிறைப்படி ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று. கிராமில் சொன்னால் சின்னதாகத் தெரிகிறது. லீற்றரில் பார்த்தால், ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்கச் சுமார் 9,000 லீற்றர் காற்று வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பு உயரம் வரை நிற்கும் காற்று அது.

லுணுகலைக் கடைத்தெருவில் எந்த ரொட்டிக் கடைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். இந்தக் கணக்கு அங்கே கண்முன் நடக்கும். காற்றை மா என்று வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோலைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மா உதிர்ந்து வெடிக்கும். கூடினால் கையில் ஒட்டும், கல்லில் வேகாது. எஞ்சினிலும் அப்படித்தான். பெற்றோல் குறைந்த கலவையைக் கராஜில் லீன் என்பார்கள்: எஞ்சின் சூடேறும், காபரேட்டர் வழியாகத் தும்மும், பிளக்கின் நுனி வெளுத்துப் போகும். பெற்றோல் கூடிய கலவை ரிச்: சைலன்ஸரில் கறுப்புப் புகை, பிளக்கில் கரி, பொக்கெட்டில் ஓட்டை.

மாவும் தண்ணீரும் எப்போதும் ஒரே அளவில் வேண்டியிருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்குக் கடையில் நிற்கும் கூட்டம் வேறு, பதினொரு மணிக் கூட்டம் வேறு. எஞ்சினும் அதைப் போலத்தான். 1,098 சீசீ மைனர் எஞ்சின், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எக்ஸலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது நிமிடத்துக்கு 1,600 லீற்றர் வரை காற்று இழுக்கலாம். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், இழுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். மா கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் அதே விகிதத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைச் செய்கிற கைதான் காபரேட்டர்.

காபரேட்டருக்குள் என்ன நடக்கிறது?

மொரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர். இங்கிலாந்தின் ஸ்கின்னர் குடும்பம் 1910இல் தொடங்கிய கம்பனியின் சரக்கு. குடும்பத் தொழில் சப்பாத்து வியாபாரம். அதனாலோ என்னவோ, தொடக்க கால எஸ்.யூ. காபரேட்டரில் தோலால் செய்த துருத்தி ஒன்றுதான் காற்றை அளந்தது. பிறகு அதன் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. 1926இல் மொரிஸ் கார்களைத் தயாரித்த வில்லியம் மொரிஸே இந்தக் கம்பனியை வாங்கிவிட்டார்.

பொனெட்டைத் திறந்ததும் கவிழ்த்த மணி போல ஒன்று தெரியும். அதுதான் காபரேட்டரின் மேற்பகுதி. பக்கத்திலேயே ஒரு சின்ன வட்டப் பாத்திரம். முதலில் அந்தப் பாத்திரத்திலிருந்து தொடங்குவோம்.

அதன் பெயர் மிதவை அறை. ரொட்டிக் கடையில் மாப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர் வாளி அதுதான். மைனரில் ஒரு மின் பம்ப் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டு டாங்கியிலிருந்து பெற்றோலை இங்கே கொண்டுவரும். பெற்றோல் ஏற ஏற உள்ளே ஒரு மிதவை எழும்பும். குறித்த மட்டம் வந்ததும் அது ஒரு சிறிய ஊசி வால்வை மேலே தள்ளிப் பெற்றோல் வரும் வாயை மூடும். மட்டம் இறங்கினால் திறக்கும். அந்த வால்வில் ஒரு பொட்டு அழுக்குச் சிக்கினாலோ, மிதவையில் ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்தாலோ வாய் மூடாது. வாளி நிரம்பி வழியும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திறந்திருக்கும்போது பம்ப் சற்று நேரம் தட்டிவிட்டு அடங்க வேண்டும். அடங்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது என்று கொள்ளுங்கள்.

அடுத்து அந்தக் கவிழ்த்த மணி. அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் வழுக்கும். பிஸ்டனின் அடியில் கூர்ந்து செல்லும் ஒரு பித்தளை ஊசி. அந்த ஊசி கீழே உள்ள ஜெட் என்ற சிறு துவாரத்துக்குள் இறங்கி நிற்கும். ஜெட்டுக்குப் பெற்றோல் வருவது மிதவை அறையிலிருந்து.

இனி எக்ஸலேட்டரை மிதியுங்கள். காபரேட்டரின் எஞ்சின் பக்க வாயில் உள்ள வட்டத் தகடு திறக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் பிஸ்டனில் உள்ள ஒரு சிறு துளை வழியாக மணிக்குள்ளும் போகிறது. பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் குறைவு, கீழே வெளிக்காற்றின் அழுத்தம்; ஆகவே பிஸ்டன் எழும்புகிறது. பிஸ்டனின் எடையும் மேலே உள்ள ஸ்பிரிங்கும் அந்தத் தூக்கலுக்குச் சமமாகும் இடத்தில் அது நின்றுவிடும்.

பிஸ்டன் எழும்பும்போது இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. காற்றுக்கு வழி அகலமாகிறது. கூடவே ஊசியும் மேலே வருகிறது. ஊசியின் நுனி மெல்லியது என்பதால் ஜெட்டுக்கும் ஊசிக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெருகுகிறது. கூடுதல் பெற்றோல் வருகிறது. ஒரு கை மா அள்ளும்போது மறு கை தன்னாலேயே அதற்கேற்ற தண்ணீரை விடுகிறது. கணினி இல்லை, வயர் இல்லை. ஊசியின் சரிவிலேயே முழுக் கணக்கும் எழுதியிருக்கிறது. அதனால்தான் வேறு எஞ்சினுக்கான ஊசியைப் போட்டால், நட்டை எவ்வளவு திருகினாலும் எல்லா வேகத்துக்கும் ஒத்துவராது.

மணியின் உச்சியில் ஒரு சிறு மூடி இருக்கும். கழற்றினால் அதோடு ஒரு தண்டு வரும். அது நிற்கும் குழாயில் எண்ணெய் இருக்க வேண்டும். எதற்கு? எக்ஸலேட்டரைத் திடீரென்று மிதித்தால் பிஸ்டன் சட்டென்று துள்ளி எழும்பும். காற்று குபீரென்று போகும், பெற்றோல் பின்தங்கும். எண்ணெய் அந்தத் துள்ளலைப் பிடித்துத் தாமதிக்கிறது. அந்தக் கணத்தில் ஜெட்டின் மேல் இழுப்புக் கூடி, பெற்றோல் சற்று அதிகம் வருகிறது. இந்த எண்ணெய் வற்றிப்போன காரில் ஏற்றத்தில் மிதித்ததும் ஒரு தயக்கம் தெரியும். விலை உயர்ந்த எண்ணெய் வேண்டாம். மெல்லிய எஞ்சின் எண்ணெய் போதும்.

கடைசியாகச் சோக். பல காபரேட்டர்களில் சோக்கை இழுத்தால் காற்று வரும் வாயை ஒரு தகடு மூடும். எஸ்.யூ.வில் அப்படியில்லை. சோக் கேபிள் ஜெட்டையே கீழே இழுக்கிறது. ஜெட் இறங்கினால் ஊசியின் மெல்லிய பாகம் அதற்குள் நிற்கும், பெற்றோல் கூடும். குளிரில் மா இறுகும்போது ஒரு கை தண்ணீர் கூட விடுவதுதான். சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் முழுதாக ஏறாமல் பாதியில் சிக்கி நின்றால், நாள் முழுக்கக் கூடுதல் பெற்றோல் போய்க்கொண்டிருக்கும். குனிந்து ஜெட்டை விரலால் மேலே தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குழைத்ததைப் பங்கிடும் மெனிபோல்ட்

மா குழைத்தாயிற்று. இனி உருண்டை உருட்டிக் கல்லுக்குக் கல் கொண்டுபோக வேண்டும். எஞ்சினில் கற்கள் நான்கு, அதாவது நான்கு சிலிண்டர். காபரேட்டரின் ஒரு வாயிலிருந்து வரும் கலவையைப் பங்கிட்டுக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்தான் உள்ளிழுக்கும் மெனிபோல்ட்.

மைனரின் எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. சிலிண்டர் நான்கு என்றாலும் கலவை நுழையும் வாசல் இரண்டுதான். முதலாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரு வாசல், மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு ஒரு வாசல். புகை வெளியேற மூன்று வாசல்: இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவிலுள்ள இரண்டு சிலிண்டருக்கும் பொதுவாக ஒன்று. ஐந்து வாசலும் எஞ்சின் தலையின் ஒரே பக்கத்தில். பிளக்குகள் மறுபக்கத்தில்.

ஆகவே உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். இது இடம் மிச்சம் பிடிக்கச் செய்தது மட்டுமல்ல. காபரேட்டரிலிருந்து வருவது முழுக்க ஆவியான பெற்றோல் அல்ல; பாதி பொடித் துளிகள். குளிர்ந்த இரும்பில் பட்டால் அவை சுவரில் ஒட்டி ஒழுகத் தொடங்கும். மார்கழிக் காலையில் ரொட்டிக் கல்லில் தடவும் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிடும் என்று அடுப்போரம் வைப்பார்களே, அதே ஏற்பாடுதான் இங்கும். புகைக் குழாயின் சூடு காபரேட்டருக்கு நேர் கீழே மெனிபோல்டின் அடியைச் சுடவைக்கிறது. துளிகள் ஆவியாகி நான்கு சிலிண்டருக்கும் ஒரே சீராகப் போகின்றன.

தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட் ரோவர் பெற்றோல் எஞ்சினிலும் இரண்டு மெனிபோல்டும் ஒரே பக்கம்தான். அங்கும் புகைச் சூடுதான் கலவையைச் சூடாக்குகிறது. ஆகவே மெனிபோல்டைப் பற்றி இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஆனால் இந்தச் சூட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒரே இரும்பின் ஒரு பாதி கொதிக்கிறது, மறு பாதி குளிர்ந்த கலவையால் ஆறுகிறது. ஓடும்போது விரியும், நின்றதும் சுருங்கும். ஐம்பது அறுபது வருடம் இப்படி விரிந்து சுருங்கினால் நேராக இருந்த முகம் கொஞ்சம் வளையும். பேப்பர் தடிப்புக்கு வளைந்தாலே, மெனிபோல்டுக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் இடுக்கை அடைக்க வைத்திருக்கும் பெக்கின் பிடிப்பு விட்டுவிடும்.

கணக்கில் வராத காற்று

பெக்கின் விட்ட இடத்தில் என்ன நடக்கும்? மெனிபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவு. ஐட்லிங்கில் அந்த இழுப்பு மிகப் பலமானது. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் பாதரச அளவில் 18 முதல் 20 அங்குலம் வரை காட்டும். ஆகவே ஊசி முனை அளவு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று 'உஸ்' என்று உள்ளே பாயும். இந்தக் காற்று காபரேட்டரைத் தாண்டியிருக்கிறது. அதற்கென்று பெற்றோல் யாரும் அளந்து விடவில்லை. பக்குவமாகக் குழைத்து முடித்த மாவில், குழைத்தவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரு பிடி மாவைத் தூவிவிட்டுப் போகிறார்.

இப்போது அந்த மூன்று முறைப்பாடும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஐட்லிங்கில் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் இந்தக் களவுக் காற்று பெரிய பங்கு. எனவே கலவை லீன் ஆகி எஞ்சின் தடுமாறி நிற்கிறது. அதைச் சரிசெய்ய, ஜெட்டை ஏற்றி இறக்கும் அந்த அடி நட்டை இறக்கிப் பெற்றோலைக் கூட்டுகிறார்கள். ஐட்லிங் சரியாகிவிடுகிறது. ஆனால் பசறை ஏற்றத்தில் எக்ஸலேட்டரை முழுக்க மிதிக்கும்போது காற்று பெருவாரியாகக் காபரேட்டர் வழியாகத்தான் போகிறது. இடுக்கின் பங்கு அற்பம். கூட்டி வைத்த பெற்றோல் மட்டும் அப்படியே கூடப் போகிறது. ஆகவே ஏற்றத்தில் ரிச்: கறுப்புப் புகை, மந்தமான இழுவை, பெற்றோல் செலவு. ஒரே இடுக்கு மூன்று நோயையும் தருகிறது.

2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாயைத் தொட்ட வருடம் அது. அந்தக் கோட்டாவில் இப்படிச் சைலன்ஸர் வழியாகப் போகும் ஒவ்வொரு துளியும் வலித்திருக்கும்.

களவுக் காற்று நுழையும் வழிகள் நான்கு: மெனிபோல்டுக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில், காபரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் நடுவில், டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய உறிஞ்சு குழாயின் வெடிப்பில், காபரேட்டருக்குள் வட்டத் தகடு சுழலும் தண்டின் தேய்மானத்தில். கடைசியது அதிகம் பேர் பார்க்காத இடம். தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் அந்தக் காபரேட்டருக்குப் புதுத் தண்டும் புஷ்ஷும் வேண்டும், அல்லது வேறு காபரேட்டர் வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைப் பொருத்துகளின் ஓரமாக நகர்த்துங்கள். இடுக்கு இருந்தால் உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்கும். விசிறிக்குக் குழாயும் சட்டைக் கையும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் எண்ணெய்க் கேனால் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டும் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் மாறினால், அல்லது எண்ணெய் உள்ளே போய் மறைந்தால், அதுதான் இடம். பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கீழே சுடச்சுடப் புகைக் குழாய் இருக்கிறது.

பிளக்குகளும் சாட்சி சொல்லும். நான்கையும் கழற்றி வரிசையாக ஒரு பலகையில் வையுங்கள். நல்ல பிளக்கின் நுனி தேயிலைச் சாய நிறத்தில் இருக்கும். ஒன்றும் இரண்டும் வெளுத்து, மூன்றும் நான்கும் சாய நிறத்தில் இருந்தால் முதல் வாசலில் கசிவு. நான்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் கசிவு காபரேட்டர் பக்கம். கல் இரண்டில் ரொட்டி வெடித்து மற்ற இரண்டில் நன்றாக வந்தால், குழைத்தவரை ஏன் ஏச வேண்டும்? பங்கிட்ட வழியைப் பாருங்கள்.

மாற்றுவது எப்படி?

முதலில் பொருள் தேடுங்கள். பதுளை டவுனில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். மைனருக்கு நம் நாட்டில் ஒரு தனி உறவும் இருக்கிறது: 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொரிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து இலங்கையிலேயே உதிரிப் பாகங்கள் செய்து அங்கே அனுப்பினார்கள். பாவித்த காபரேட்டர் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். தண்டு ஆடக்கூடாது. மணியும் பிஸ்டனும் ஒரே சோடியாக இருக்க வேண்டும். ஒன்றின் மணியை இன்னொன்றின் பிஸ்டனுக்குப் போட்டால் வழுக்கல் ஒத்துவராது. ஊசியில் பொறித்த எழுத்து உங்கள் எஞ்சினுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஜப்பான் காபரேட்டர் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டலாம். ஆனால் அவற்றில் பல நிமிர்ந்து நின்று காற்றைக் கீழ்நோக்கி இழுப்பவை. எஸ்.யூ. பக்கவாட்டில் உட்காருவது. ஆகவே மெனிபோல்டையும் மாற்ற வேண்டும், அல்லது முழங்கை மாதிரி ஓர் அடப்டர் செய்ய வேண்டும். பொருத்து ஒன்று கூடினால் களவுக் காற்றுக்கு வாசலும் ஒன்று கூடும்.

இனி வேலை. எஞ்சின் நன்றாக ஆறட்டும். பெட்டரியைக் கழற்றுங்கள், பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, தவறிச் சாவி பட்டால் பெற்றோல் பீச்சும். பிறகு காற்று வடிகட்டி, பெற்றோல் குழாய், சோக் கேபிள், எக்ஸலேட்டர் இணைப்பு, உறிஞ்சு குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்து காபரேட்டரின் இரண்டு நட்டு. அது கையோடு வந்துவிடும்.

மெனிபோல்ட் அவ்வளவு லேசில் வராது. சைலன்ஸர் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை முதலில் தளர்த்துங்கள். தலையோடு பிடித்திருக்கும் நட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பலம் போட்டுத் திருகினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்க ஒரு முழு நாள் போகும். இறுகிய நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக இளக்க வேண்டும்.

மெனிபோல்ட் வந்ததும் பழைய பெக்கினைச் சுரண்ட வேண்டும். பழைய பெக்கின்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்தபடி சுரண்டித் தூள் கிளப்பாதீர்கள். நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு எடுங்கள். எஞ்சின் வாசல்களில் துணி அடைத்து வையுங்கள், துணுக்கு உள்ளே விழக்கூடாது. முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

இப்போது வேலையின் மையம். நேரான இரும்புச் சட்டம் ஒன்றை மெனிபோல்டின் முகத்தில் நெடுக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் எங்காவது வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. ஐந்து வாசலின் முகமும் ஒரே மட்டத்தில் சட்டத்தைத் தொட வேண்டும். லேசான வளைவை லேத் பட்டறையில் சீவி எடுக்கலாம். வெடிப்பு இருந்தால் வேறு மெனிபோல்ட்தான். வளைந்த முகத்தை இரட்டைப் பெக்கினும் சீலரும் பூசிச் சமாளிப்பவர்கள் உண்டு; அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது.

புதுப் பெக்கினை ஸ்டட்டில் மாட்டுங்கள். சில எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வாசலில் ஒரு மெல்லிய இரும்பு வளையம் இருக்கும். அதைத் தன் இடத்தில் வைக்க வேண்டும். மெனிபோல்டை ஏற்றி எல்லா நட்டையும் முதலில் கையால் இறுக்குங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரத்துக்கும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 15 இறாத்தல்-அடி முறுக்கு போதும். அதற்குமேல் போனால் ஸ்டட்தான் நீளும், இடுக்கு மூடாது. காபரேட்டரையும் புதுப் பெக்கினோடு, நடுவில் வெப்பம் தடுக்கும் துண்டு இருந்தால் அதையும் வைத்து மாட்டுங்கள். எக்ஸலேட்டர் ஸ்பிரிங்கை மாட்டி, மிதியை அழுத்தி விட்டால் தகடு தானே மூடுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் புகைப் பக்கத்தையும் கவனியுங்கள். அந்தப் பொருத்தில் 'பஃப் பஃப்' என்று ஊதினால் அப்படியே ஓட்டாதீர்கள். வெளியே வருவதில் காபன் மொனொக்சைட் உண்டு. மணம் இல்லை, நிறம் இல்லை. எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பின் ஓட்டைகள் வழியாக அது காருக்குள் வந்துவிடும்.

பக்குவம் பார்ப்பது

கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் நட்டைத் தொட வேண்டும். முதலில் ஸ்டார்ட் செய்யாமலே ஒரு சோதனை: மேலேயுள்ள எண்ணெய்த் தண்டைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டிக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தமில்லாமல் பம்மி இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, ஜெட்டை முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். இது தொடக்க அளவு. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு காபரேட்டரின் அடியில் உள்ள சிறு ஊசிப் பொத்தானால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிச் சத்தத்தைக் கேளுங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச்; நட்டை ஏற்றுங்கள். தூக்கியதும் எஞ்சின் அடங்கிப் போனால் லீன், இறக்குங்கள். ஒரு கணம் லேசாகக் கூடித் திரும்பப் பழைய சத்தத்துக்கு வந்தால் பக்குவம் சரி. ஒவ்வொரு தடவையும் நட்டின் ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். ரொட்டி மாவுக்குக் கடைசித் தண்ணீரை விரலால் தெளிப்பார்கள், வாளியால் ஊற்ற மாட்டார்கள்.

எங்கே நின்று பக்குவம் பார்ப்பது என்பதும் முக்கியம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் பார்ப்பது காற்றின் கன அளவை. அது மெலிந்திருப்பது அதற்கு முழுதாகத் தெரியாது. ஆகவே கீழே பிபிலையில் பக்குவம் பார்த்த கார், அதே ஏ5 வீதியில் நுவரெலியா வரை ஏறினால் ரிச் ஆகும். மேலே பக்குவம் பார்த்துக் கீழே இறங்கினால் லீன் ஆகும். கார் பெரும்பாலும் ஓடும் உயரத்தில் நின்று திருத்துங்கள். உறிஞ்சல் மீற்றர் வைத்துப் பார்ப்பவர்களும் 300 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல எஞ்சினிலும் கசிவு இருப்பதாகத் தோன்றும்.

புதுப் பெக்கின் சூட்டில் அமர்ந்ததும் நட்டுகள் கொஞ்சம் தளரும். எனவே சில நாள் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, அதே நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையில் மறுபடி இறுக்குங்கள். அன்றைக்கே நான்கு பிளக்கையும் கழற்றிப் பலகையில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே சாய நிறத்தில் இருந்தால் பொனெட்டை மூடலாம். ஒன்றும் இரண்டும் இன்னும் வெளுத்திருந்தால் காபரேட்டரைத் தொடாமல் மெனிபோல்டுக்கே திரும்பிப் போங்கள்.